அப்-னா மேலன்னு நெனச்சு ஒரு பாட்டிய மூணாவது மாடி ஏத்துன கதை

2005ல நான் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள்ள இருந்த லாட்ஜ்ல ரிசப்ஷன்ல உக்காந்திருந்தேன். பழைய கட்டடம், மூணு மாடி, லிஃப்ட் கிடையாது, மொட்டை மாடிக்குப் போனா மேலக்கோபுரம் நல்லாத் தெரியும். அந்தக் கோபுரத்தச் சொல்லித்தான் வெளிநாட்டுக்காரங்கள வரவைக்கிறது. ஒருநாள் மத்தியானம் இங்கிலாந்துல இருந்து ஒருத்தர் லேண்ட்லைன்ல கூப்பிட்டாரு. லைன்ல ஒரே இரைச்சல். அதுக்குள்ள அவரு கேட்டது எனக்கு இப்பவும் காதுல இருக்கு, "குட் யூ புட் மை பேரண்ட்ஸ் அப் ஃபார் டூ நைட்ஸ்?"

நான் தமிழ் மீடியம். உசிலம்பட்டிப் பக்கம் கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்சு, டைப்ரைட்டிங் லோயர் ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணி, அந்தச் சர்டிபிகேட்ட நம்பியே ஊரவிட்டு வந்தவன். எனக்குப் புட்னா வை, பேரண்ட்ஸ்னா அப்பா அம்மா, அப்னா மேல, டூ நைட்ஸ்னா ரெண்டு ராத்திரி. கூட்டிப் பாத்தா கணக்கு கச்சிதமா வருது, எங்க அப்பா அம்மாவ ரெண்டு ராத்திரி மேல வைங்க. அடடா, கோபுரம் பாக்கணும்னு ஆசப்படுறாங்க போலன்னு நானே முடிவு பண்ணி "எஸ் சார், தேர்ட் ஃப்ளோர், வெரி அப் சார்"னு வேற சொன்னேன். அந்தாளு ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு தேங்க்யூன்னு வச்சுட்டாரு.

வந்தவங்களப் பாத்தா ரெண்டு பேருக்கும் எழுபது தாண்டியிருக்கும். அந்தம்மாவுக்கு மூட்டு வலி, ஒரு கையில கம்பு. தேக்கடியில இருந்து கார்ல வந்த களைப்பு வேற. ரூம் பாய் பெட்டியத் தூக்கிட்டு முன்னாடி ஓடுறான், பின்னாடியே அந்தம்மா கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா வலது கால வச்சு இடது கால இழுத்து, மறுபடி வலது கால வச்சு இடது கால இழுத்து ஏறுறாங்க, ரெண்டாவது மாடித் திருப்பத்துல தண்ணி டிரம்மு ஒன்னு கவுத்திப் போட்டிருக்கும், அதுமேல அப்படியே உக்காந்துட்டாங்க. மூஞ்சி செக்கச்செவேல்னு ஆயிருச்சு. அவங்க வீட்டுக்காரரு கீழ வந்து, கீழ்த் தளத்துல ரூமே இல்லையான்னு கேக்குறாரு. இருக்கு சார், மூணு ரூம் காலியா இருக்கு, ஆனா உங்க மகன்தான் 'அப்' கேட்டாருன்னு சொல்றேன் நான், ரொம்ப நியாயமா.

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் அவரு சிரிக்கல, படியேறிப் போய் அந்தம்மாகிட்ட சொன்னாரு, அங்கருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு பாருங்க, அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. மறுநாள் காலையில காப்பி குடிக்கிறப்ப அந்தம்மா என்னக் கூப்பிட்டு, புட் சம்படி அப்-னா ராத்திரிக்குத் தங்க இடம் குடுக்கிறதுப்பா, மாடிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு பொறுமையாச் சொன்னாங்க. மொதலாளி அவ்வளவு பொறுமையாச் சொல்லல. "ஏண்டா, அப்னு சொன்னா மொட்டை மாடியில கொண்டுபோய்ப் படுக்க வைப்பியா"ன்னு பொழுதன்னைக்கும் அதையே சொல்லிக் காமிச்சாரு.

இதுல ஒரு கொடுமை என்னன்னா புட் அப்-ங்குற வார்த்தை எனக்குப் புதுசே இல்ல. லாட்ஜுக்கு வர்றதுக்கு முந்தி ரெண்டு வருஷம் ஒரு ஆபீஸ்ல தினக்கூலி டைப்பிஸ்ட். அங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இந்த ஒரே வார்த்தைதான். "அந்த ஃபைல புட்டப் பண்ணியாச்சா?", "நோட் எழுதி நாளைக்குள்ள புட்டப் பண்ணுய்யா", "புட்டப் பண்ணி பத்து நாளாச்சு சார், இன்னும் கீழ எறங்கல". கவர்மெண்டு ஆபீஸ்ல வேலை பாத்தவங்களுக்குச் சொல்லவே வேணாம், ஃபைல நோட்டோட மேலதிகாரி டேபிளுக்கு அனுப்புறதுதான் புட்டப். அது இங்கிலீஷுங்குறதே பாதிப் பேருக்கு மறந்துபோயி பஸ்சு, காப்பி மாதிரி தமிழ்ல கலந்து கெடக்கு. அங்க அப்-னா நெசமாவே மேலதான், மேல இருக்கிற ஆளுகிட்ட. அதனாலதான் அந்த அர்த்தம் எனக்குள்ள அம்புட்டு ஆழமா எறங்கியிருந்துச்சு போல.

அதுக்கு ஆறேழு மாசம் கழிச்சு ஆடி மாசம். தெருக்கோடியில அம்மன் கோயில் பொங்கல், முளைப்பாரி, கூம்பு ஸ்பீக்கர் ரெண்ட லாட்ஜுப் பக்கமாத் திருப்பிக் கட்டிட்டாங்க. விடிகாலை நாலரைக்கே ஆரம்பிச்சிருச்சு. அஞ்சு மணிக்கு ஒரு வெள்ளக்காரம்மா தலையெல்லாம் கலைஞ்சு கீழ வந்து "வீ காண்ட் புட் அப் வித் திஸ்"ங்குறாங்க. நான் இப்ப உஷாரு. புட் அப்னா தங்குறதும் இருக்கு, ஆபீஸ்ல எழுதிக் குடுக்குறதும் இருக்கு. இவங்க ஏற்கனவே தங்கியாச்சு, அதனால இது எழுதிக் குடுக்குறதுதான், புகாரா எழுதத் தெரியலைங்குறாங்க போலன்னு நெனச்சு, கம்ப்ளெய்ன்ட் நோட்டையும் ஒரு பேனாவையும் எடுத்து நீட்டி, நீங்க புட்டப் பண்ணுங்க மேடம், நான் மொதலாளிக்கு ஃபார்வர்டு பண்றேன்னு சொன்னேன். அந்தம்மா பேனாவப் பாக்குறாங்க, என்னப் பாக்குறாங்க, ஒன்னும் சொல்லாம மேல போயிட்டாங்க. பத்து மணிக்கு ரூம காலி பண்ணிட்டாங்க. ரெண்டு நாள் வாடகை போச்சு.

புட் அப் வித்-னா பொறுத்துக்கிறது, சகிச்சுக்கிறது. வித்-னு ஒரு சின்ன ஒட்டு சேந்ததும் அர்த்தம் எங்கிட்டோ போயிருது.

அன்னைக்கு ராத்திரிதான் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குனேன். மொதல்ல எல்லாரும் செய்ற மாதிரி இடது பக்கம் இங்கிலீஷ் வலது பக்கம் தமிழ்னு எழுதுனேன். புட் அப், தங்க வை. புட் ஆன், உடுத்து. புட் ஆஃப், தள்ளிப்போடு. புட் அவுட், அணை. ரெண்டே வாரத்துல எது எதுன்னு கொழம்பிப்போயி, தீய அணைக்கப் புட் ஆஃப்னும் மீட்டிங்க தள்ளிப்போடப் புட் அவுட்னும் பேச ஆரம்பிச்சிட்டேன். மனப்பாடம் பண்ணா இந்தப் பிராப்ளம் வந்தே தீரும், ஏன்னா ஆன் ஆஃப் அவுட் அப் எல்லாம் பாக்க ஒரே குடும்பத்துப் புள்ளைக மாதிரி இருக்கு, மூஞ்சி வேற வேறன்னாலும் பேரு மாத்திக் கூப்பிட்டுருவோம்ல.

இதுக்கு வழி எனக்கு வெளங்குனது இங்கிலீஷ் வாத்தியார்கிட்ட இல்ல, தமிழ் படிக்க வந்த ஒரு வெளிநாட்டுப் பையன்கிட்ட. மதுரைக்குத் தமிழ் படிக்கன்னே வெளிநாட்டுல இருந்து பசங்க வருவாங்க, அதுல ஒருத்தன் ஒரு மாசம் எங்க லாட்ஜ்ல தங்கியிருந்தான். கையில எப்பவும் சின்ன நோட்டு. ஒருநாள் வந்து கேக்குறான், "அண்ணே, போட்டுக்கொடுன்னா என்ன?" நானும் சாதாரணமா, டீ போட்டுக் குடுக்கிறது, சோறு போட்டுக் குடுக்கிறதுன்னு சொன்னேன். அவன் ஒத்துக்கல. டீக்கடையில ஒருத்தரு 'அவன்தான் என்னைய மொதலாளிகிட்ட போட்டுக்கொடுத்துட்டான்'னு கோவமாச் சொன்னாராம், அங்க டீ எங்கண்ணே வந்துச்சுங்குறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, ஆனா அவனுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. போடு இருக்கு, கொடு இருக்கு, ரெண்டையும் கூட்டுனா காட்டிக்கொடுக்கிறது எப்படி வரும்? வராது. டீயப் போட்டுக்கொடுத்தா உபகாரம், ஆளப் போட்டுக்கொடுத்தா துரோகம். வார்த்தை அதேதான், எதைங்குறதுதான் வேற.

அதோட விட்டானா. போட்டு வாங்குறதுன்னா என்ன, போட்டுத் தள்ளுறதுன்னா என்ன, போட்டுப் பாக்குறதுன்னா என்னன்னு வரிசையாக் கேட்டான். ஒன்னொன்னுக்கும் நான் ஒரு கதை சொன்னேன். போட்டு வாங்குறதுக்கு எங்க அப்பத்தாவச் சொன்னேன், அது சும்மா பேசுற மாதிரியே பேசி "உங்க வீட்ல நேத்து கறியாம்ல"ன்னு ஒரு புளுகப் போட்டு, "இல்லத்தா, மீனுல்ல வச்சோம்"னு உண்மைய வாங்கிரும். அவனுக்கு அது சட்டுனு புடிபட்டுருச்சு, மறுநாள் டீக்கடைக்காரர்கிட்டயே போட்டு வாங்கிட்டு வந்து என்கிட்ட பெருமையாச் சொன்னான். பாருங்க, அகராதி அர்த்தம் சொன்னப்ப ஏறல, ஆளையும் இடத்தையும் சொன்னதும் ஏறிருச்சு. நானும் அப்படித்தான போட்டுக்கொடுங்குறதப் படிச்சேன், எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரலையே, நாலாங்கிளாஸ்ல எவனோ என்ன சார்கிட்ட போட்டுக்கொடுத்தப்ப வாங்குன அடியில தெரிஞ்சுக்கிட்டதுதான.

அதுக்கப்பறம் பழைய நோட்டக் கிழிச்சுப்போட்டுட்டு புதுசா ஒன்னு ஆரம்பிச்சேன். இதுல அர்த்தம் எழுதுறதில்ல. யாரு, யாருகிட்ட, எதைப் பத்தி, எங்க வச்சுச் சொன்னாங்க, அம்புட்டுத்தான். 'மூட்டுவலிம்மா, படி, ரெண்டு ராத்திரி, புட் அஸ் அப்.' 'ஆடி, ஸ்பீக்கர், காலி பண்ணிட்டாங்க, புட் அப் வித்.' இன்னைக்கு வரைக்கும் இந்த ரெண்டும் எனக்கு மாறுனதே இல்ல.

புட் அப் மட்டும் அந்த நோட்டுல ஏழு பக்கம் ஓடுச்சு. மழை வர்றப்ப குடைய விரிக்கிறது புட் அப். கூடாரம் அடிக்கிறது, பந்தல் போடுறது, சுவத்துல போஸ்டர் ஒட்டுறது, எல்லாம் புட் அப். மதுரையில பொறந்தவனுக்குப் போஸ்டர விட்டா வேற உதாரணம் வேணுமா, காதுகுத்துல இருந்து கருமாதி வரைக்கும் நம்மூருல போஸ்டர் இல்லாம என்ன நடக்குது. வாடகைய ஏத்துறது புட் அப். வீட்ட விலைக்குப் போடுறது புட் அப் ஃபார் சேல். ஒரு காரியத்துக்குப் பணம் போடுறது புட் அப் த மணி. அலங்காநல்லூர் வாடியில ஒரு காளை லேசுல பிடிபடாம நின்னு சுத்தி விளையாடுச்சுன்னா இட் புட் அப் எ குட் ஃபைட். ஒருத்தன ஏத்திவிட்டுத் தப்புப் பண்ண வச்சா புட் ஹிம் அப் டு இட். நம்ம 'ஏத்திவிட்டது யாருடா' இருக்குல்ல, அச்சு அசல் அதேதான். முன்னாடியே பேசி வச்சு நடத்துற நாடகம் புட் அப் ஜாப், நம்ம பாஷையில செட்டப்பு.

இம்புட்டுக்கும் எப்படி ஒரே வார்த்தைன்னு எனக்கு ரொம்ப நாளு அரிப்பு. கொஞ்சம் கொஞ்சமாத் தேடிப் படிச்சதுல தெரிஞ்சத சொல்றேன். புட்-டுக்குப் பழங்காலத்து அர்த்தம் வைக்கிறது இல்ல, தள்ளுறது, குத்துறது. ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு இரும்புக் குண்ட தோள்ல வச்சுத் தள்ளுவோமே ஷாட்புட், அதுல அந்தப் பழைய அர்த்தம் அப்படியே மிச்சம் இருக்கு. கோல்ஃப்ல பந்தக் குழிக்குள்ள தட்டுற பட்-டும் இதோட சொந்தந்தான். தள்ளுன பொருள் எங்கிட்டாவது போய் நிக்கும்ல, அதுல இருந்துதான் வைக்கிறதுங்குற அர்த்தம் வந்து ஒட்டிக்கிச்சு.

அப்-புக்குத்தான் நான் ஏமாந்தேன். அது மேல மட்டும் இல்ல, உள்ள எடுத்து வச்சு முடிச்சுடுறதுங்குற அர்த்தமும் அதுக்கு இருக்கு. இத எனக்குப் புரிய வச்சது பைபிள். 1611ல இங்கிலாந்து ராஜா ஜேம்ஸ் காலத்துல வந்த இங்கிலீஷ் பைபிள்ல, பேதுரு வாள உருவுனதும் இயேசு சொல்றது 'புட் அப் தை ஸ்வோர்ட் இன்டு த ஷீத்'. நான் இத மொத மொதல்ல படிச்சப்ப வாள மேல தூக்குன்னு சொல்றாருன்னு நெனச்சேன், நல்ல வேளை யாருகிட்டயும் சொல்லல. தமிழ் பைபிள எடுத்துப் பாத்தா 'உன் பட்டயத்தை உறையிலே போடு'. போடு! அந்த இடத்துல ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். உறையில போடு, உள்ள எடுத்து வை. அதுதான் அப்.

இத வச்சுக்கிட்டு மத்ததப் பாத்தா ஒன்னொன்னா அவுருது. பழைய இங்கிலீஷ் கதைகள்ல பயணம் போறவங்க ராத்திரி ஆனா குதிரைய லாயத்துல கட்டுவாங்க, அது புட் அப் த ஹார்ஸ். ஆளுக சத்திரத்துல தங்குவாங்க, அதுவும் புட் அப்-தான். குதிரையானாலும் மனுசனானாலும் பொழுது சாஞ்சா உள்ள எடுத்து வைக்கணும்ல. நம்ம ரயில்வே ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல ராணி மங்கம்மாள் சத்திரம் இருக்கே, வழிப்போக்கருங்க தங்கக் கட்டுனது, அந்த வேலைக்கு இங்கிலீஷ்ல இதுதான் வார்த்தை. அமெரிக்காவுல சீசன்ல கெடைக்கிற காயையும் பழத்தையும் பாட்டில்ல அடைச்சு வருஷத்துக்கும் வச்சுக்கிறதுக்கும் புட் அப்-னு சொல்வாங்க. நாம ஊறுகாய் என்ன பண்றோம்? போடுறோம். எங்க அப்பத்தா நார்த்தங்காயச் சுருள் சுருளா அரிஞ்சு உப்பத் திணிச்சுக் காய வச்சு ஜாடியில அமுக்கி, வெள்ளத்துணியால வாயக் கட்டி, எறவாணத்துக்குக் கீழ வரிசையா வைக்கும். அந்தக் கை அமுக்குற அமுக்கு இருக்குல்ல, அதுதான் எனக்குப் புட் அப்.

பொறுத்துக்கிறதும் இந்தக் குடும்பந்தான். ஷேக்ஸ்பியர் காலத்துல வித் இல்லாமலேயே, அவமானத்த முழுங்கிட்டுச் சும்மா இருக்கிறதுக்கு வெறும் புட் அப்-னு சொல்லியிருக்காங்க. வாள உறையில போடுற மாதிரி கோவத்தையும் உள்ள போட்டுக்கிறது. வித் வந்து நிரந்தரமா ஒட்டுனது அதுக்கப்பறம், 1700கள்ல. நம்மாளுக சொல்றதில்லையா, எல்லாத்தையும் மனசுக்குள்ளயே போட்டு வச்சுக்கிட்டு இருக்காத்தா, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலன்னு. மாமியாகிட்ட அடி பட்டவங்களுக்கு இந்தப் புட் அப்-ப விளக்கவே வேண்டாம்.

வேட்டையில இதுக்கு நேரெதிரா இன்னொன்னு இருக்கு, பொதருக்குள்ள பதுங்கிக் கெடக்குற கவுதாரியையோ முயலையோ நாயி கிளப்பி விடுறதும் புட் அப்-தான். இங்க அப்-னா உள்ள இல்ல, விர்ருன்னு மேல எழும்புறது. ஆக ஒரே சூத்திரம் போட்டு எல்லாத்தையும் அடக்க முடியாது, நானும் அடக்கப் பாத்துத் தோத்துட்டேன். மூணு ஜாடி வச்சுப் போட்டுக்கலாம். ஏத்துறது ஒன்னு, கையத் தூக்குறது, வாடகை, கவுதாரி, அடுத்தவன ஏத்திவிடுறது எல்லாம் அதுல. எழுப்பி நிறுத்துறது ஒன்னு, பந்தல், கூடாரம், போஸ்டர். உள்ள வச்சு மூடுறது ஒன்னு, வாள், குதிரை, விருந்தாளி, ஊறுகாய், அவமானம். ரெண்டு மூணு எந்த ஜாடியிலயும் அடங்காம வெளிய நிக்கும், நிக்கட்டும்.

இப்படி வினைச்சொல்லோட ஒரு குட்டி வார்த்தை சேந்து புது அர்த்தம் தர்றதுக்குப் பிரேசல் வெர்ப்னு பேரு, அந்தப் பேரு வந்ததே ரொம்பப் பிந்தித்தான். 1925ல லோகன் பியர்சால் ஸ்மித்ங்குறவரு புத்தகத்துல எழுதி அந்தப் பேரு பரவுச்சு, ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியர் ஹென்றி பிராட்லி தனக்குச் சொன்ன பேருன்னு அவரே எழுதியிருக்காரு. ஆனா தலைவலி அதுக்கும் முந்தி. 1755ல சாமுவேல் ஜான்சன் தன்னோட அகராதிக்கு எழுதுன முன்னுரையிலயே, வினைச்சொல்லுக்குப் பின்னாடி ஒரு குட்டி வார்த்தையச் சேத்து அர்த்தத்த மாத்துறது எங்க பாஷையில ஜாஸ்தி, வெளியூர்க்காரங்களுக்குப் பெரிய கஷ்டமே இதுதாங்குற மாதிரி சொல்லிட்டாரு. அதப் படிச்சதும் எனக்கு என்னா நிம்மதி தெரியுமா. 250 வருஷத்துக்கு முந்தியே எனக்கு ஜாமீன் எடுத்து வச்சிருக்காரு மனுசன்.

ஏன் ஒரே வார்த்தையில சொல்லித் தொலைய மாட்டேங்குறாங்கன்னா, சொல்றாங்க, அது வேற எடத்துல. புட் ஆஃப்-புக்குப் போஸ்ட்போன் இருக்கு, புட் அப் வித்-துக்கு டாலரேட் இருக்கு, புட் அவுட்-டுக்கு எக்ஸ்டிங்குவிஷ் இருக்கு. இதெல்லாம் லத்தீன்ல இருந்து வந்த பெரிய மனுசங்க. லெட்டர்ல, கோர்ட்டுல, ஆபீஸ்ல இருக்கும். அடுப்படியிலயும் தெருவுலயும் பழைய சின்ன வார்த்தைகதான். நாம மனுவுல சகித்துக்கொள்ள இயலாதுன்னு எழுதிட்டு வீட்ல பொறுத்துக்க முடியலன்னு சொல்ற மாதிரி. வேடிக்கை என்னன்னா அந்தப் போஸ்ட்போனையே பிரிச்சா லத்தீன்ல பின்னாடி வைன்னுதான் வருது. நாம தள்ளிப்போடுங்குறோம், அவன் புட் ஆஃப்ங்குறான், லத்தீன்காரன் பின்னாடி வைங்குறான். மூணு பேருக்கும் வேலையத் தள்ளிப்போடுற புத்தி மட்டும் ஒன்னு.

நம்ம பசங்க பூரா ஸ்கூல்ல பெரிய மனுச வார்த்தைகளத்தான் படிக்கிறாங்க. அதனால எழுதுனா இங்கிலீஷ் நல்லா இருக்கு, பேச்சுல எதுத்தாளு பேசுறது புரியல. இப்ப நான் சாயங்காலம் ஹோட்டல் வேலைக்குப் போற பசங்களுக்கு ஸ்போக்கன் கிளாஸ் எடுக்குறேன், திருமங்கலம் மேலூர் பக்கத்துல இருந்தெல்லாம் வர்றாங்க, மொதல்ல சொல்றதே இதுதான், உனக்குப் பேசத் தெரியலேங்குறது அப்பறம், உனக்குக் கேக்கத் தெரியல. பேசுறப்ப நீ அக்காமடேட் பண்றேன்னு சொன்னாலும் அவனுக்குப் புரியும். ஆனா அவன் புட் அஸ் அப்-னு கேட்டா உனக்குப் புரியணும்ல. வேகமாச் சொல்றப்ப அது புட், அப்-னு தனித்தனியா விழாது, 'புடப்'னு ஒரே சொல்லா விழும். கிளாஸ்ல பசங்கள அத நூறு தடவ காதால கேக்க வைப்பேன், எழுதவே விடமாட்டேன் மொத வாரம்.

கிராமர் ஒரே ஒரு இடத்துலதான் கண்டிப்பா வேணும். புட் அப் மை பேரண்ட்ஸ்னாலும் சரி, புட் மை பேரண்ட்ஸ் அப்னாலும் சரி. ஆனா பேரு போயி தெம், இட், அஸ்-னு வந்துருச்சுன்னா நடுவுலதான் உக்காரும், புட் தெம் அப். புட் அப் தெம்-னா தப்பு. புட் அப் வித் மட்டும் பிரிக்கவே முடியாது, மூணும் ஒட்டிக்கிட்டே வரும், எதைங்குறது கடைசியில. இதுக்கு நான் ஒரு உதாரணம் வச்சிருக்கேன், பசங்களுக்கு மறக்காது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்கச் சொந்தக்காரங்க பதினஞ்சு பேரு வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்குறாங்க. வீ புட் தெம் அப். அஞ்சாம் நாளு பாத்ரூம் வாசல்ல கியூ நிக்கிறப்ப, வீ புட் அப் வித் தெம். ஒரு பொண்ணு அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல பெஞ்சே ஆடுச்சு, அவங்க வீடு அழகர் வர்ற வழியில, தல்லாகுளம்.

இன்னொன்னு, நம்மூரு இங்கிலீஷ்ல மட்டும் ஓடுற ஒன்னு இருக்கு. இன்டர்வியூவுல 'வேர் ஆர் யூ புட் அப்?'னு கேப்பாங்க, நீ எங்க தங்கியிருக்கன்னு. எங்க ஸ்டூடண்ட் ஒருத்தன் சென்னையில இந்தக் கேள்விக்கு முழிச்சு, ஐ புட் அப் நத்திங் சார்னு சொல்லிட்டு வந்தான். இது தப்பு இங்கிலீஷ்னு நான் சொல்ல மாட்டேன், நம்ம ஊருக்குள்ள எல்லாருக்கும் புரியுது, பழைய இங்கிலீஷ்ல இருந்து வந்த கெளைதான். ஆனா வெள்ளக்காரர்கிட்ட கேக்குறப்ப வேர் ஆர் யூ ஸ்டேயிங்னே கேட்டுருங்க. ஆபீஸ் புட்டப்பும் அப்படித்தான், வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயில்ல ஐ ஹேவ் புட் அப் த ஃபைல்னு போட்டா அவன் ஃபைல சுவத்துல மாட்டிட்டியான்னு யோசிப்பான்.

புரியலைன்னா என்ன பண்றது? நான் அன்னைக்கு ஃபோன்ல ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா அந்தம்மா தண்ணி டிரம்முல உக்காந்திருக்க மாட்டாங்க. யூ மீன் எ ரூம், சார்? அம்புட்டுத்தான். தெரியலைன்னு காட்டிக்கக் கூச்சம், அதான் எஸ் சார் எஸ் சார்னு தலையாட்டுறது. புரிஞ்சதத் திருப்பிச் சொல்லி, அவங்க ஆமான்னா மேல போங்க. ரூமுன்னு எழுதுறதுக்கு முந்தி எந்த மாடின்னும் கேட்டுருங்க.

போன மாசம் எம்மக, ஒம்பதாவது படிக்கிறா, இங்கிலீஷ் பாடத்துல ஒரு பத்தியப் படிச்சுட்டு வந்து, "அப்பா, புட் டவுன்னா கீழ வைக்கிறதுதான?"ன்னா. நான் வழக்கம்போல, "எத?"ன்னேன். நாயன்னா. வயசான நாயி, ரொம்ப சீக்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க, டாக்டர் பரிசோதிச்சுப் பாத்துட்டு நாயக் கீழ வச்சுட்டாருன்னு அவ தமிழ்ல எழுதியே வச்சிருக்கா. பக்கத்துல பென்சில்ல ஒரு படம், டேபிளு, அதுக்குக் கீழ தரையில வால ஆட்டிக்கிட்டு ஒரு நாயி நிக்குது.

அர்த்தம் சொல்லாம, "அடுத்த வரியப் படி"ன்னேன். அந்த வீட்டுக்காரம்மா வெறும் சங்கிலியக் கையில பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வர்றாங்கன்னு இருந்துச்சு. ரெண்டு தடவ படிச்சா. அப்பறம் நோட்ட மூடி வச்சுட்டு எந்திரிச்சுப் போயி வாசல்ல எங்க நாயிகிட்ட உக்காந்துட்டா.